டோடோவும் வான்கோழியும்: வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கே மொரிஷியஸில், எங்கள் கோவில் மண்டபத்து வினாடி வினாவுக்கு முதன்முறையாகக் கேள்வி எழுதிய மூன்று பிள்ளைகள் போன வாரம் தாளை நீட்டினார்கள். நாற்பது கேள்வி. ஏழாவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதி மூக்குடைபட்ட அதே கேள்வி. எழுத்துப்பிழை, ஆண்டு மாறிப்போவது எல்லாம் தாளை இன்னொரு முறை படித்தாலே அகப்பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

'ஆல்' என்ற உருபைச் சரிபார்க்காமல் விடுவது

கேள்வி இதுதான்: "டோடோ பறவை அழிந்ததால் முளைக்காமல் போன மொரிஷியஸ் மரம் எது?" விடை, தம்பலகோக்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டச்சுக்காரர்கள் 1598-இல் இந்தத் தீவில் இறங்கினார்கள். நூறு ஆண்டுக்குள் டோடோ பூண்டோடு போய்விட்டது. 1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தம்பலகோக் மரம் மிச்சம் இருப்பது 13, எல்லாமே 300 வயதைத் தாண்டியவை, டோடோவின் இரைப்பையில் கிடக்கும் கற்களில் அரைபட்டால்தான் அந்தக் கொட்டையின் கெட்டி ஓடு தேய்ந்து முளைவிடும் என்றார். டோடோவுக்கு எங்கே போவது? வான்கோழிக்கு 17 கொட்டைகளைப் புகட்டினார். 7 நொறுங்கின, 10 முழுசாக வெளியே வந்தன, விதைத்ததில் 3 முளைத்தன. பறவையும் போச்சு, மரமும் போச்சு. கேள்வி எழுதுகிறவனுக்கு இதைவிடத் தித்திப்பு வேறென்ன வேண்டும்?

இறுதிச் சுற்றில் இரண்டு அணிகளும் சமமாக நிற்க, இதைத்தான் கடைசிக் கேள்வியாகக் கேட்டேன். ஓர் அணி 'தம்பலகோக்' என்றது. இன்னொன்று, "அப்படி எந்த மரமும் இல்லை" என்றது. நான் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். நாற்றங்காலில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, அந்த விதையை நானே முளைக்க வைத்திருக்கிறேன். என் வயிற்றில் கல் எதுவும் இல்லை." மண்டபம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவது கோப்பை என் காசில் வாங்கியது.

அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேடினேன். வான்கோழி வயிற்றுக்குள் போகாத விதைகளை டெம்பிள் பக்கத்தில் போட்டு ஒப்பிடவே இல்லை. அப்படியானால் அந்த மூன்றும் வான்கோழி தயவில் முளைத்தனவா, தாமாகவே முளைத்தனவா? சொல்ல வழியில்லை. இந்த மரத்தில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. ஆகவே 300 வயது என்பதும் ஊகம். வயது குறைந்த மரங்கள் காட்டில் இருப்பதும் பின்னால் தெரியவந்தது. பறவையின் உதவி இல்லாமலே விதை முளைத்ததை 1940-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மரம் அருகிப்போனதற்கு, கப்பலேறி வந்த பன்றியையும் குரங்கையும்தான் இன்று பலர் கைகாட்டுகிறார்கள். டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கலாம், அது வேறு விஷயம்.

நான் சரிபார்க்காமல் இல்லை. மரம் உண்டு, பறவை உண்டு, கட்டுரை உண்டு, எண்களும் உண்டு. 'அழிந்ததால்' என்பதில் உள்ள 'ஆல்' மட்டும் சோதனைக்குத் தப்பிவிட்டது. பிள்ளைகளும் அதே இடத்தில்தான் வழுக்கியிருந்தார்கள். கேள்வியை இப்படி மாற்றச் சொன்னேன்: "டோடோ மரம் என்று பெயர் வாங்கிய மரம் எது?" சப்பென்று இருக்கிறதாம். இருக்கட்டும்.

'முதன்முதலில்'

"மொரிஷியசுக்கு இந்தியர்கள் முதன்முதலில் வந்த ஆண்டு?" என்று கேட்டு, 1834 என்று விடை எழுதியிருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 'அட்லஸ்' கப்பல் வந்த நவம்பர் 2 நமக்கு விடுமுறை நாள், சரி. ஆனால் பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே 1735-இல் ஆளுநராக வந்து, நம் தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டியபோதே புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனாரும் தச்சரும் இங்கே வந்திருந்தார்கள். நம் பாட்டன்மாரையே கணக்கில் சேர்க்காத கேள்வியை நம் கோவிலிலேயே கேட்பதா?

'உலகிலேயே பழமையான'

கிழித்துப் போடுங்கள்.

ரூபாய் நோட்டைக் காட்டி ஆட்சிமொழி என்பது

தமிழ் மொரிஷியஸின் ஆட்சிமொழி என்று தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவது இது. நம் நோட்டில் தமிழ் இருப்பது உண்மை. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் ஒரு படி கீழே இறங்கியதும் தமிழர்கள் கொதித்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசையிலேயே வெளியிட்டார்கள். ஆனால் 1968-இன் அரசியல் சட்டம் எந்த மொழிக்கும் நாட்டின் ஆட்சிமொழி என்ற பட்டம் கொடுக்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு ஆங்கிலம், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்றுதான் வைத்தது. நோட்டுச் சண்டையைக் கேள்வியாக்குங்களேன், அதில் சுவைக்கா பஞ்சம்?

பாதி மேற்கோள்

மொரிஷியஸைப் பார்த்துத்தான் சொர்க்கத்தைப் படைத்தார்கள் என்று மார்க் ட்வைன் புகழ்ந்தாராம். 1896-இல் வந்துபோன அவர், தீவுக்காரர் ஒருவர் அப்படிப் பீற்றிக்கொண்டதாகத்தான் எழுதினார். அது மிகை என்று இன்னொருவர் சொன்னதும் கூடவே இருக்கிறது.

ஒலி ஒத்தால் உறவு

இங்கே பேசும் கிரியோல் மொழியில் 'கரிபுலே' நம் கறிவேப்பிலைதான். அந்தத் தைரியத்தில் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆசிய நாட்டுச் சில்லறை நாணயங்களைக் குறித்த 'கேஷ்' போர்த்துகீசியர் வழியாகக் காசிலிருந்து போனதுதான். கடையில் ரொக்கம் என்கிற 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. எழுத்துக்கூட்டல் ஒன்று, சொல் இரண்டு. அதையே கேள்வியாக்கி எட்டாவதாக வைத்திருக்கிறோம்.