குச்சிக்கிழங்கு போடுங்கள், சோற்றுக்கு நிலம் ஒதுக்கிவிட்டு

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான், நிற்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் சாமையை உரலில் போட்டுக் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்களுக்குத்தான் தெரியும் அந்த வேலை எவ்வளவு கொடுமை என்று, அதோடு கிழங்கு லாரி ஏறினால் பிள்ளையின் படிப்புக்கு மொத்தமாகக் காசும் வருகிறது. ஆனால் முழுக் காட்டையும் ஆலைக்கே விட்டுவிடாதீர்கள்.

முதலில் வீட்டுக் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் தானியம் என்று வைத்தால் ஐந்து பேருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 550 கிலோ. ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி கிடைத்தால் 240 கிலோ கழிந்துவிடும், மீதி 310. சாமையாக இருந்தால் உமியோடு கிட்டத்தட்ட 500 கிலோ விளைய வேண்டும். உங்கள் காட்டில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று உங்களுக்கே தெரியும், அதற்கு வேண்டிய நிலத்தை ஒதுக்கிவிட்டு அப்புறம் கிழங்குக்குக் கரணை (நடுகிற குச்சித் துண்டு) நடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிழங்கு ஒன்பது பத்து மாதப் பயிர், ஆலையில் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள், பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும், அதனால் விலை பிடிக்கவில்லை என்று வீட்டில் போட்டுவைக்க வழியில்லை. 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கும் வந்து குருத்தைச் சுருட்டிப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். விற்காததைத் தின்றுகொள்ளலாம் என்றால், ஆலை ரகங்களில் பல கசப்பு. சாமை அப்படியில்லை, உமியோடு காயவைத்துக் கட்டிவைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும்.

சத்தும் வேறு. 100 கிராம் கேழ்வரகில் ஏழு கிராம் புரதம், 340 மில்லிகிராம் கால்சியம். கிழங்கில் புரதம் ஒரு கிராம்தான் தேறும். ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், களியின் இடத்தை நிரப்பாது.

கேழ்வரகை விதைக்கும்போது இடையில் அவரை, மொச்சை போடுங்கள். குத்துகிற வேலைக்குப் பயந்து சாமையை விட்டவர்கள் நாலு வீடு சேர்ந்து உமி நீக்கும் மெஷினுக்கு மூட்டையைக் கொண்டுபோகலாம். விதை மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது: அறுப்பன்றே நல்ல கதிராகப் பார்த்துத் தனியே எடுத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள், புகை பட்டால் பூச்சி அண்டாது.