டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாளே கவனிக்க வேண்டிய நாள்

டெங்கி என்று உறுதிசெய்து, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் அனுப்பிவிட்டாரா? முதலில் நாள்காட்டியில் ஒரு குறி போடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள்தான் 1ஆம் நாள். பலதுறை மருந்தகத்துக்குப் போன நாள் அல்ல.

பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று தோன்றும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டிப்படும். சொந்தக்காரர்கள் எல்லாரும் “பிளேட்லெட் எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ஹீமட்டோக்ரிட்டையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கேளுங்கள். பிளேட்லெட் மளமளவென்று இறங்க, இது முந்தைய அறிக்கையைவிட ஏறியிருந்தால் கசிவு தொடங்கிவிட்டதாக மருத்துவர் சந்தேகிப்பார்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 8க்கு மேல் கூடாது. பேனடாலும் அதே மருந்துதான், சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது உண்டு. தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரல் கெடும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்கட்டும்.

வெறும் தண்ணீர் போதாது. கஞ்சி, இளநீர் கொடுக்கலாம். இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலக்குங்கள். உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். வாந்தி இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒரு வாய். பண்டுங் (ரோஸ் சிரப் கலந்த பால்), பீட்ரூட் வேண்டாம்: வாந்தியில் சிவப்பைப் பார்த்தால் இரத்தமா, ரோஸ் சிரப்பா என்று தெரியாது. பப்பாளி இலைச்சாற்றை நம்பி மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், கறுப்பு மலம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கைகால் சில்லிட்டு, ஆள் துவண்டு போனால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள் (சிங்கப்பூர் எண்).

இன்னொன்று, நோயாளியைக் கொசு கடிக்கக்கூடாது. காய்ச்சலின் முதல் சில நாட்களில் இரத்தத்தில் கிருமி நிறைய இருக்கும். அப்போது கடித்த ஏடிஸ் கொசு, 8 முதல் 12 நாளில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதைக் கொடுக்கும். அது பகலில் கடிக்கும் கொசு. பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், டீட் அல்லது பிக்காரிடின் உள்ள கொசுவிரட்டிப் பூச்சைத் தடவுங்கள்.

கூடவே வீட்டைச் சுற்றி எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். துளசித் தொட்டியின் அடித்தட்டு, துணிக்கம்பு செருகும் குழாய், வாசலில் பூ மிதக்கும் உருளி. 20 காசு நாணய அளவு நீரே கொசு முட்டையிடப் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். உருளி நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே புது நீர் ஊற்றுங்கள்.