லெப்பர்ட் கெக்கோவின் நிற வகை பார்ப்பது எப்படி?

கனடாவில் இருக்கிற பெறாமகன் வாட்ஸ்அப்பில் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக் குட்டியின் படம் போட்டு, "சித்தப்பா, இது என்ன மோர்ப்?" என்று கேட்டான். மோர்ப் என்றால் மரபணுவால் வரும் நிற வகை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு படத்தை வைத்துப் பெயர் சொல்வது சோதிடம்தான். ஆனாலும் சில விஷயங்களை வடிவாகப் பார்க்கலாம்.

குட்டியின் நிறத்தை நம்பாதீர்கள். சாதாரண கெக்கோ பிறக்கும்போது கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டை உடைந்து புள்ளிகளாகிவிடும். தோல் உரிக்கப்போகும் நேரத்தில் எல்லாமே வெளிறித் தெரியும். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படமும் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கறுப்பு. உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பும் இல்லாமல் மண்ணிறமும் இளஞ்சிவப்புமாக இருந்தால் அது அல்பினோ. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று அல்பினோ மூன்று. மூன்றுக்கும் மரபணு வேறு வேறு. ட்ரெம்பரையும் பெல்லையும் சோடி சேர்த்தால் பெரும்பாலும் சாதாரணக் குட்டிதான் வரும். முட்டை அடைகாத்த வெப்பநிலையே நிறத்தை மாற்றிவிடும் என்பதால் கண்ணால் பிரித்தறிவது நிச்சயமில்லை. தாய் தகப்பன் என்ன வகை என்று விற்றவரிடம் கேட்பதுதான் வழி. அவருக்கே தெரியாவிட்டால் வெறும் 'அல்பினோ' என்று எழுதி வைப்பது நேர்மை.

எனிக்மா என்று இன்னொரு மோர்ப் இருக்கிறது. அதைச் சொல்லி விற்றால், வாங்க முன் அது நடப்பதைப் பாருங்கள். தலை சரிவதும் வட்டமடிப்பதும் அந்த வகையோடு வரும் நரம்புக் கோளாறு.