கட்டாயப் போதைச் சிகிச்சை: உள்ளிருந்து புகார் எழுதுவது எப்படி?

விருப்பமில்லாமல் சிகிச்சை மையத்தில் சேர்க்கப்பட்டவர் எழுதும் முதல் மனுவில் எல்லாமே ஒன்றாகக் கலந்து கிடக்கும். என்னை வெளியே விடுங்கள், சாப்பாடு சரியில்லை, தம்பிதான் மாட்டிவிட்டான், மாத்திரை தருவதில்லை. வாங்கிப் படிப்பவர், "இன்னும் போதை தெளியவில்லை" என்று மடித்து வைத்துவிடுவார். அவருக்கு அந்த வசதியைக் கொடுக்காதீர்கள்.

படி 1: உத்தரவின் நகலைக் கேளுங்கள்

எந்தச் சட்டப்படி, யார் கையெழுத்தில், எத்தனை நாளுக்கு? இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். சுவீடனில் கட்டாயச் சிகிச்சைக்கு உச்சவரம்பு 6 மாதம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சம்மதமின்றிச் சேர்க்கும் முதல் அனுமதி 30 நாள் வரைதான். நகல் தர மறுத்தால், மறுத்தவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே ஒரு புகார்.

படி 2: மனுவை இரண்டாகப் பிரியுங்கள்

அடைத்து வைத்ததே தவறு என்றால் அது மேல்முறையீடு; நீதிமன்றத்துக்கோ மறுஆய்வு வாரியத்துக்கோ போகும். 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, சுதந்திரம் பறிக்கப்பட்ட எவரும் நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது. உள்ளே நடத்தும் விதம் தவறு என்றால் அது புகார். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு என்பதால் அதை முதலில் அனுப்புங்கள்.

படி 3: ஒரு தாளில் ஒரு சம்பவம்

"என்னை மனிதனாகவே மதிப்பதில்லை" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் விசாரிக்க அதில் ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மார்ச் 3, இரவு 9 மணிக்குக் கைநடுக்கமும் வியர்வையும் இருப்பதாகப் பணியிலிருந்த செவிலியரிடம் சொன்னேன். மருந்து தரப்படவில்லை. மருத்துவர் மறுநாள் காலை 11 மணிக்கு வந்தார். அன்றிரவுக் குறிப்பேட்டின் நகல் வேண்டும். இரவிலும் மருத்துவரை அழைக்க ஏற்பாடு வேண்டும்."

நேரம், ஆள், நடந்தது, வேண்டியது. அவ்வளவுதான். இந்த உதாரணத்தைச் சும்மா எடுக்கவில்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த நாட்களில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மெத்தையைப் பற்றிய புகார் காத்திருக்கட்டும்.

அடி, தண்டனையாகக் கட்டிப்போடுதல், கட்டாய வேலை ஆகியவற்றைச் 'சிகிச்சை முறை' என்று சொன்னால் நம்பாதீர்கள். 2012இல் ஐ.நா.வின் 12 அமைப்புகள் போதைப் பழக்கத்துக்காகக் கட்டாயமாக அடைத்து வைக்கும் மையங்களை மூடச் சொன்னதற்கு, வன்முறையும் கட்டாய உழைப்பும் காரணங்களில் சேர்ந்தவை.

படி 4: யாரிடம் கொடுப்பது?

முதலில் மையத்தின் பொறுப்பாளர், பிறகு உரிமம் கொடுத்த துறை. அடித்தார்கள் என்றால் இந்த வரிசையைப் பார்க்க வேண்டாம். நேரே காவல்துறை அல்லது மனித உரிமை ஆணையம். தாளும் பேனாவும் தரவில்லையா? பார்க்க வருபவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சாட்சியின் பெயரை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். அவரும் அதே வார்டில்தான் தூங்க வேண்டும்.

ஒப்புகைக் கையெழுத்து வாங்கிய நகல் ஒன்று மையத்துக்கு வெளியே இருக்கட்டும். பதில் வராவிட்டால் கோபத்தில் புதிதாக எழுத உட்காராதீர்கள். அதே நகலின் தலையில் 'நினைவூட்டல்' என்று எழுதி, தேதி போட்டு, ஒரு படி மேலே அனுப்புங்கள்.