பழைய பிக்கப்பில் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய பிக்கப்பின் ஏசி குளிரவில்லை என்று பட்டறைக்குப் போனால், "கேஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சிருவோம்" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும். ஏசி கேஸ் டீசலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் அச்சு சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்புதான். ஆனால் சென்ற கோடையில் நிரப்பியது இந்தக் கோடைக்குள் காணாமல் போயிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கம் மீன் ஏற்றி ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று குழாய்களை மட்டுமல்லாமல் மின் இணைப்புகளையும் அரித்துவிடுவதால், கேஸ் முழுதாக இருந்தும் குளிராத வண்டிகளை இங்கே அடிக்கடி காணலாம். ஆகவே முதலில் பார்த்தல், கேட்டல், தொட்டறிதல், பிறகுதான் அழுத்தமானி, கேஸ் உருளை எல்லாவற்றுக்கும் கடைசி.

வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய சோதனைகளுக்கு ஒரு சிறிய வெப்பமானி, ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவை போதும். வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ப்ளோயரை முழு வேகத்திலும் காற்றை உள்சுழற்சியிலும் வைத்து, நடுத் துவாரத்தில் வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வெளியே 32 டிகிரி இருக்கும் நாளில், நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி 10 டிகிரியை ஒட்டிய காற்றைத் தர வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடலோர நாளில் இது இரண்டு மூன்று டிகிரி கூடுவது குறையாகாது. டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் உழைப்பில் பெரும்பங்கு காற்றிலுள்ள நீராவியைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடுகிறது. அந்தத் தண்ணீரே ஒரு சாட்சியம். வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் காயில் குளிர்கிறது. கீழே சொட்டாமல் இடப்பக்க இருக்கையின் கால்மிதி நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் மரங்களுக்கடியில் நிற்கும் வண்டிகளில், முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்று நுழைவாய் வழியாகச் சருகு உள்ளே போய் இந்தக் குழாயை அடைப்பதுண்டு.

காற்றே குறைவாக வருகிறதா, காற்று நன்றாக வந்தும் குளிரவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். எல்லா வேகத்திலும் காற்று சோர்ந்து வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டரே இல்லாத பழைய வண்டிகளில் தூசி நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும். தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரைமணி நேரத்தில் காற்று குறைந்து, ஏசியை அணைத்துச் சற்று நேரம் விட்டதும் சரியாகிவிட்டால், காயிலில் பனி உறைகிறது. அதன் வெப்ப உணரியைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது கம்ப்ரசரின் மேக்னட் கிளட்ச். ஏசி சுவிட்சைப் போட்டதும் "டக்" என்ற ஒலியுடன் கம்ப்ரசரின் முன்தட்டு கப்பியோடு சேர்ந்து சுழல வேண்டும். கப்பி மட்டும் சுழன்று தட்டு அசையாமல் நின்றால், கேஸைப் பற்றி நினைக்கும் முன் மின்சாரத்தைத் தேடுங்கள். ஃபியூஸைப் பார்த்தபின், ஏசி ரிலேயைக் கழற்றி, அதே வகை ஹார்ன் ரிலேயை அந்த இடத்தில் பொருத்திப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பிறகு கிளட்சுக்குப் போகும் ஒயரின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். கடலோர வண்டியாக இருந்தால் உள்ளே பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படிந்து, ஒயரின் செம்பு இழைகள் உறைக்குள்ளேயே கறுத்துப்போயிருப்பதைக் காணலாம். வெளியே பார்க்க நல்ல ஒயர் போலவே இருக்கும். இழுத்தால் கையோடு வரும். இணைப்பை மாட்டிய நிலையில் கிளட்சில் பேட்டரி அளவுக்கு அருகிலான மின்னழுத்தம் வர வேண்டும். 10 வோல்ட் அளவுக்கு இறங்கினால் களிம்போ, தளர்ந்த எர்த் இணைப்போ மின்சாரத்தைத் தின்கிறது. கிளட்ச் சுருளின் மின்தடை பொதுவாக 3 முதல் 5 ஓம் இருக்கும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. காலையில் பிடித்து, எஞ்சின் சூடானதும் விட்டுவிடும் கிளட்சில் தட்டுக்கும் கப்பிக்கும் இடைவெளி தேய்மானத்தால் கூடியிருக்கலாம். பல வண்டிகளில் அங்கே அரை மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டும். தட்டின் பின்னாலுள்ள மெல்லிய வாஷரை எடுத்தாலே சரியாகிவிடக்கூடும். இதைச் சொல்லாமல் புதுக் கம்ப்ரசர் விற்கும் இடங்களும் உண்டு.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கேஸ் மிகவும் குறைந்தால் அழுத்த சுவிட்ச் தானாகவே கிளட்சைத் துண்டித்துவிடும். அது பழுதன்று, காவல். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் இல்லாமல் சுவிட்சை ஏமாற்றி நேரடி மின்சாரம் கொடுத்து ஓட்டினால் கம்ப்ரசர் உலர்ந்து இறுகிவிடும்.

கிளட்ச் பிடித்தும் குளிர் போதவில்லை என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சருக்கு வாருங்கள். என் கணிப்பில் இந்த மாவட்டத்து வண்டிகளில் அதிகக் கவனம் பெற வேண்டியதும், குறைந்த கவனம் பெறுவதும் இதுதான். நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை நோக்கிப் போகும்போது தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நெரிசலில் ஊரும் நேரத்தில் குளிர் போய், சாலை திறந்து வேகம் எடுத்ததும் திரும்பி வந்தால், குற்றவாளி கேஸ் அன்று. கண்டென்சர் மீது போதிய காற்று படவில்லை. ஏசி போட்டவுடன் அதன் மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். பிசுக்குத் திரவக் கப்ளிங் வழியாக எஞ்சினோடு சுழலும் விஸ்கஸ் விசிறி உள்ள வண்டியில், எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துச் சாவியையும் எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுழற்றுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் அதன் கப்ளிங் போய்விட்டது. ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தினமும் போய்வரும் வண்டியில், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் மண்ணும் பூச்சிகளும் அடைந்திருக்கும். முன்பக்கம் சுத்தமாகத் தெரிவதால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. எஞ்சின் ஆறிய பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய் நீரால் கழுவ வேண்டும். சர்வீஸ் நிலையத்து உயரழுத்த நீர் தகடுகளை மடக்கிவிடும்.

அழுத்தமானி இல்லாமலே செய்யத்தக்க சோதனை ஒன்றும் இங்கே உண்டு. ஏசி ஓடும்போது கண்டென்சர் மீது மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். துவாரத்து வெப்பமானி உடனே இறங்கினால், கேஸ் இருக்கிறது, வெப்பம்தான் வெளியேறவில்லை என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். கழுவும்போதே கண்டென்சரின் அடி விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை மணலும் உப்பும் தங்கும் இடம் அது. அங்குள்ள அலுமினியத் தகடுகள் வெளுத்து, விரல் பட்டால் அப்பளம் போல நொறுங்கினால், வெப்பத்தை விடுவிக்கும் பரப்பே குறைந்துவிட்டது. அதே இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் கசிவும் அங்கேதான்.

இனி அழுத்தமானி. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஆர் 12 என்ற பழைய ஏசி கேஸ் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் ஆர் 134ஏ வந்தது. உங்கள் வண்டிக்குரிய வகையும் எடையும் பானட்டுக்கு அடியிலுள்ள ஒட்டுத்தாளில் இருக்கும். எஞ்சின் ஓடாத, குளிர்ந்த நிலையில், கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் தாழ்ந்த பக்கமும் அதிலிருந்து வெளியேறும் உயர்ந்த பக்கமும் ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். ஆர் 134ஏ என்றால் 28 டிகிரியில் ஏறத்தாழ 90 பிஎஸ்ஐ, 32 டிகிரியில் ஏறத்தாழ 103 பிஎஸ்ஐ. இதைவிட மிகக் குறைந்தால் உள்ளே திரவமே இல்லை. சரியாக இருந்தால் கொஞ்சமேனும் திரவம் இருக்கிறது என்று மட்டுமே பொருள், அளவு தெரியாது. குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தால், உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

எஞ்சினை ஓட்டி ஏசியைப் போட்டதும் தாழ்ந்த பக்கம் 25 முதல் 45 வரையும், உயர்ந்த பக்கம் 150 முதல் 250 பிஎஸ்ஐ வரையும் நிற்பது பொதுவான நிலை. நல்ல வெயிலில் மேல் எண் இன்னும் கொஞ்சம் ஏறும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் பற்றாக்குறை. இரண்டும் மிகுதி என்றால், காற்றோட்டக் குறைவோ, அளவுக்கு மீறி நிரப்பியதோ, உள்ளே காற்று புகுந்ததோ காரணம். தாழ்ந்த பக்கம் ஏறியும் உயர்ந்த பக்கம் இறங்கியும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசருக்குள் வால்வு தேய்ந்துவிட்டது. தாழ்ந்த பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் கூலிங் காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்விலோ, ஈரத்தை உறிஞ்சி வடிகட்டும் டிரையரிலோ அடைப்பு. அது சிறிது நேரம் கழித்தே நிகழ்ந்து, அணைத்துப் போட்டால் சரியாவதாக இருந்தால், உள்ளே புகுந்த ஈரம் வால்வின் வாயில் பனிக்கட்டியாகிறது. அடைப்பு டிரையரில் என்றால், அதன் நுழைவுக் குழாய் சூடாகவும் வெளிக் குழாய் சில்லென்றும் இருப்பதைக் கையாலேயே உணரலாம். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொட வேண்டாம், கை வெந்துவிடும்.

கசிவு தேடும்போது, பிடிவாதமாக எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள். கேஸ் கண்ணுக்குத் தெரியாது. அதனோடு வெளிவரும் எண்ணெய் தெரியும். சர்வீஸ் வால்வுகளின் மூடிக்குள், குழாய் இணைப்புகளின் ஓ ரிங் எனும் ரப்பர் வளையங்களில், கம்ப்ரசர் முன்தட்டின் பின்னால், அலுமினியக் குழாயை இரும்பு கிளாம்ப் பிடிக்கும் இடங்களில் வரிசையாகப் பாருங்கள். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபட்டுக்கொண்டே போகும் என்பதால், கடைசியாகச் சொன்ன இடம் நம் ஊருக்கே உரியது. வெளியில் எங்கும் பிசுக்கு இல்லாமல் கேஸ் மட்டும் குறைந்தால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகிக்கலாம். வடிகுழாயின் வாயில் கசிவு உணர்கருவியை வைத்தால் தெரிந்துவிடும். பட்டறையில் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைக்கச் சொல்லுங்கள். கேஸை வெளியே திறந்துவிட அனுமதிக்காதீர்கள். ஆர் 134ஏ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது.

அழுத்தமும் சரி, குழாயும் சில்லென்று இருக்கிறது, உள்ளே மட்டும் வெதுவெதுப்பு என்றால் ஹீட்டரைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. அதன் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்று, கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே வெந்நீர் ஓடிக்கொண்டிருக்கும். வெந்நீர் வால்வு உள்ள வண்டியில், முழுக் குளிரில் வைத்த பிறகும் ஹீட்டர் குழாய்கள் இரண்டும் சுட்டால் வால்வு மூடவில்லை. வால்வே இல்லாமல், குளிர்காற்றையும் வெப்பக்காற்றையும் கலக்கும் கலவைக் கதவு மட்டும் உள்ள வண்டியில் அவை எப்போதும் சுடும். அங்கே கதவின் அசைவைத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகே நிரப்புதல். திறந்த அமைப்பில் டிரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்பை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, அணைத்தபின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, தராசில் உருளையை வைத்து எடைக்கணக்கில் நிரப்பச் சொல்லுங்கள். குழாய் சில்லென்றானதும் நிறுத்தும் கைக்கணக்கு, மழைநாளில் குறைவாகவும் வெயில்நாளில் அதிகமாகவும் போய் முடியும். உருளையின் சீல் உங்கள் முன் உடைக்கப்படட்டும். மலிவு விலைப் போலிக் கேஸில் தீப்பிடிக்கும் வாயுக்கள் கலந்திருக்கலாம். நிரப்பிய எடையையும் தேதியையும் பானட்டின் உட்புறம் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை குளிர் குறையும்போது மீதமுள்ள கேஸை எடுத்து எடை போட்டு, எவ்வளவு காலத்தில் எத்தனை கிராம் போயிற்று என்று கணக்கிடலாம்.