ஷார்ட் ஸ்குவீஸை நம்பிப் பங்கு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்குக் கீழே கிடந்த, வீடியோ கேம் கடைகள் நடத்தும் அமெரிக்க நிறுவனமான கேம்ஸ்டாப்பின் பங்கு, 28ஆம் தேதி வர்த்தகத்தின் நடுவே 483 டாலரைத் தொட்டது. பிப்ரவரி 19 அன்று 41 டாலருக்குக் கீழே முடிந்தது. (பங்கு பிரிக்கப்படுவதற்கு முந்தைய விலைகள் இவை.) "அடுத்த கேம்ஸ்டாப் எது?" என்று தேடி அமெரிக்கச் சந்தைக்குள் புதிதாக நுழைபவர்கள் அதற்குப் பிறகு பெருகிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பங்கு எதையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. பணம் போடும் முன் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

படி 1: யார், ஏன் மாட்டிக்கொள்கிறார்?

விலை இறங்கும் என்று நினைப்பவர், தன்னிடம் இல்லாத பங்கை புரோக்கர் மூலம் கடனாக வாங்கி விற்கிறார். இதைத்தான் ஷார்ட் செய்வது என்பார்கள். 50 டாலருக்கு விற்றதை 30 டாலருக்கு வாங்கித் திருப்பிக் கொடுத்தால் 20 டாலர் லாபம். பங்கு பூஜ்யத்துக்கே போனாலும் லாபம் 50 டாலரைத் தாண்டாது. நஷ்டத்துக்கோ எல்லையே கிடையாது. விலை ஏறினால் புரோக்கர் கூடுதல் மார்ஜின் (ஈட்டுத்தொகை) கேட்பார். கட்ட முடியாதவர் அதே பங்கை என்ன விலையானாலும் வாங்கிக் கடனை அடைத்தாக வேண்டும். அவர் வாங்குவதால் விலை இன்னும் ஏறும். அது அடுத்த ஷார்ட்காரரை நெருக்கும். இப்படித் தொடரும் நெருக்கடிதான் ஷார்ட் ஸ்குவீஸ்.

படி 2: மூன்று எண்களை எடுங்கள், தேதியோடு

முதலில் ஃப்ளோட். நிறுவனர்களும் பெரிய பங்குதாரர்களும் பிடித்து வைத்திருப்பது போகச் சந்தையில் புழங்கும் பங்குகள் இவை. அடுத்தது ஷார்ட் இன்டரஸ்ட், அதாவது ஷார்ட் செய்யப்பட்டு இன்னும் அடைக்கப்படாத பங்குகள். மூன்றாவது சராசரி தினசரி வர்த்தக அளவு.

ஒரு பங்கின் ஃப்ளோட் 5 கோடி, ஷார்ட் 2 கோடி, தினமும் கைமாறுவது 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளோட்டில் 40% ஷார்ட். 2 கோடியை 40 லட்சத்தால் வகுத்தால் 5. அன்றாட வர்த்தகம் முழுவதையும் ஷார்ட்காரர்களே வாங்கினாலும் வெளியேற 5 நாள் பிடிக்கும். இதை 'டேஸ் டு கவர்' என்பார்கள். இந்த எண் 1, 2 என்று இருந்தால், சதவீதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர்கள் எளிதாக வெளியேறிவிடுவார்கள்.

சதவீதம் 100ஐத் தாண்டவும் முடியும். கடன் வாங்கி விற்ற பங்கை வாங்கியவரிடமிருந்து அதே பங்கு மறுபடி கடனாகப் போகலாம். 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப்பின் ஷார்ட் ஃப்ளோட்டில் சுமார் 123% வரை போனதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமான எஸ்இசியின் அறிக்கை சொல்கிறது.

புதியவர்கள் அதிகம் இடறுவது தேதியில்தான். அமெரிக்காவில் புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு ஷார்ட் இன்டரஸ்ட் கணக்கை மாதம் இரண்டு முறைதான் திரட்டுகிறது. வெளிவர மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 2021 ஜனவரி 15இல் கேம்ஸ்டாப்பில் சுமார் 6 கோடிப் பங்குகள் ஷார்ட்டில் இருந்தன. ஜனவரி 29க்குள் அது சுமார் 2 கோடியாகச் சுருங்கிவிட்டது. இந்த விவரம் வெளியானது பிப்ரவரி 9 அன்று. அப்போது விலை 50 டாலர் பக்கம் வந்திருந்தது. 'ஷார்ட்காரர்கள் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்' என்று நம்பி 300 டாலருக்கு வாங்கிக் காத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அவர்கள் காத்திருந்த கூட்டத்தில் பெரும்பகுதி முன்பே வெளியேறியிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்தத் தேதிக்கானது என்று எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஃப்ளோட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் சாட்சி. 2008 அக்டோபர் 26 அன்று, தன்னிடம் 42.6% பங்கும், மேலும் 31.5% அளவுக்கு ஆப்ஷன்களும் (பங்கு விலையோடு பிணைந்த ஒப்பந்தங்கள்) இருப்பதாக போர்ஷே அறிவித்தது. கீழ் சாக்சனி மாநில அரசிடம் 20% இருந்தது. மீதி 6% கூட இல்லை. ஷார்ட் செய்தவர்களுக்கு அதைவிட அதிகப் பங்குகள் தேவைப்பட்டன. இரண்டே நாளில் விலை 1,000 யூரோவைத் தாண்டியது.

படி 3: ஏன் ஷார்ட் செய்திருக்கிறார்கள்?

நிறுவனத்தின் கடன், கையிருப்புப் பணம், விற்பனை இவற்றைக் காலாண்டு அறிக்கையில் பாருங்கள். வீட்டுப் பொருள் கடைகள் நடத்திய பெட் பாத் அண்ட் பியாண்டின் பங்கும் 2022 ஆகஸ்டில் இதே எதிர்பார்ப்பில் தாவியது. 2023 ஏப்ரலில் நிறுவனம் திவாலா மனு கொடுத்தது; கடைசியில் பங்குகள் ரத்தாகி, வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஷார்ட் செய்பவர்கள் பல நேரம் சரியாகவே கணித்திருப்பார்கள்.

படி 4: நிறுவனமே பங்கு விற்குமா?

இதை யாரும் பேசுவதில்லை. எனக்கோ இதுதான் முதல் கவலை. விலை எகிறும்போது நிறுவனம் புதுப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டலாம். ஷார்ட்காரர்களுக்குக் கிடைக்காத சரக்கு அப்படித்தான் சந்தைக்கு வந்து சேர்கிறது. 2021 ஜூனில் ஏஎம்சி திரையரங்கு நிறுவனம் ஒரே நாளில் 1.15 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளை விற்று சுமார் 58.7 கோடி டாலர் திரட்டியது. 2024 மே மாதத்தில் விலை திடீரென ஏறியதும் கேம்ஸ்டாப் 4.5 கோடிப் பங்குகளை விற்று சுமார் 93.3 கோடி டாலர் எடுத்துக்கொண்டது. நிறுவனத்துக்கு அது நல்லது. உச்சத்தில் வாங்கியவருக்கு இல்லை. நிறுவனங்களின் ஆவணங்கள் வெளியாகும் எஸ்இசியின் எட்கர் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, பங்கு விற்பனைக்கான பதிவு ஏதும் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: வாங்குவதற்கு முன்பே விற்பதை எழுதுங்கள்

முழுதாகப் போனாலும் வீட்டுச் செலவு தடைபடாத தொகையை மட்டும் போடுங்கள். மார்ஜின் கடனில், அதாவது புரோக்கரிடம் கடன் பெற்று, வாங்கவே வாங்காதீர்கள். பரபரப்பு தொடங்கிய பிறகு கால் ஆப்ஷன்களின் (குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை) விலையும் வீங்கிவிடும். பங்கு ஏறியும் ஆப்ஷனில் நஷ்டப்படலாம். வாங்கும்போது, அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள். விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸை மட்டும் நம்பிவிடாதீர்கள்: விலை இடைவெளி விட்டு விழுந்தால் நீங்கள் குறித்த விலையில் விற்பனை நடக்காது.

2021 ஜனவரி 28 அன்று, வர்த்தகத்தைத் தீர்த்து முடிக்கும் கிளியரிங் அமைப்புக்குக் கட்ட வேண்டிய வைப்புத்தொகை பல மடங்கு உயர்ந்ததால், ராபின்ஹூட் உள்ளிட்ட சில புரோக்கர்கள் கேம்ஸ்டாப்பை வாங்குவதையே நிறுத்தினார்கள். விற்க மட்டும் அனுமதி. விலை 193 டாலர் பக்கம் முடிந்தது. அன்றைய உச்சத்தில் பாதிகூட இல்லை.

அதனால் ஆர்டர் போடும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த விலை வந்தால் பாதியை விற்பேன், எவ்வளவு விழுந்தால் முழுவதையும் விற்பேன், எந்தத் தேதிக்குள் எதுவும் நடக்காவிட்டால் வெளியேறுவேன். மூன்றாவது வரியில், அடுத்த ஷார்ட் இன்டரஸ்ட் விவரம் வெளியாகும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.