அறுவை மருத்துவரின் கேடயச் சின்னத்தைப் படிப்பது எப்படி?

அறுவை மருத்துவர் ஒருவரின் கேடயச் சின்னத்தை, அதாவது ஒருவரையோ ஒரு சங்கத்தையோ அடையாளம் காட்டும் கேடய வடிவப் படத்தை, முதன்முதலாகப் பார்க்கும்போது எங்கே தொடங்குவது என்றே தெரியாது. லண்டன் முடிதிருத்துவோர்-அறுவை மருத்துவர் சங்கத்துக்கு 1569-இல் கிடைத்த சின்னத்தை வைத்துப் பழகுவோம். தனி மருத்துவர்களின் சின்னங்களுக்கும் இதே முறைதான். படத்தை இணையத்தில் தேடித் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேடயத்தை மட்டும் பாருங்கள். அதைப் பிடித்திருப்பவரின் வலம், நமக்கு இடம். இந்தக் கேடயத்தின் நான்கு கட்டங்களில் முதல் கட்டம் என்பது மேலே நம் இடப்பக்கம் இருப்பது.

படி 2: நிறங்கள். பொன்னும் வெள்ளியும் உலோகக் கணக்கு. பொதுவாக உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வைப்பதில்லை. தூரத்திலிருந்தே பளிச்செனத் தெரிய வேண்டும்.

படி 3: கருவியைத் தேடுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், சுவையான விஷயமே இதுதான். முதல் கட்டத்தில் கறுப்பின் மேல் வெள்ளியில், கூரை முகடு போன்ற பட்டையைச் சுற்றி மூன்று பொருள்கள். அவை ரத்தம் இறக்கும் கத்திகள். ரத்த நாளத்தைக் கீறி ரத்தம் வடிப்பது அப்போது முடிதிருத்துவோரின் வேலை. 1451-இல் அவர்கள் பெற்ற சின்னம் இது. பக்கத்துக் கட்டத்தில் முடிசூடிய ரோஜா, அதாவது இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச குடும்பத்தின் அடையாளம். 1492-இல் அறுவை மருத்துவர்களுக்குக் கிடைத்த அடையாளத்திலேயே, களிம்பு தடவும் கரண்டியோடு இந்த ரோஜா உண்டு. 1540-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இரு தரப்பும் ஒரே சங்கமானார்கள். அதனால்தான் கத்தியும் ரோஜாவும் குறுக்கு மறுக்காக மாறிமாறி வருகின்றன. 1745-இல் அறுவை மருத்துவர்கள் பிரிந்து போனார்கள். சின்னம் முடிதிருத்துவோரிடமே தங்கிவிட்டது. கத்தியைப் பிடித்த எல்லாருக்கும் ஒரே மரபு என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

படி 4: கேடயத்தின் இருபுறமும் தாங்கி நிற்பவை லிங்க்ஸ் காட்டுப்பூனைகள், கூரிய பார்வைக்குப் பெயர்போனவை. கீழே லத்தீன் வாசகம்.

படி 5: அப்புறம், தனி மருத்துவரின் சின்னத்தில் பாம்பு இருந்தால் எண்ணிப் பாருங்கள். ஒற்றைப் பாம்பு சுற்றிய கோல் கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸுடையது. இரண்டு பாம்பும் சிறகும் இருந்தால் அது ஹெர்மிஸின் கோல். அவர் வணிகத்தின் கடவுள். 1902-இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதை எடுத்துக்கொண்ட பிறகு இரண்டு கோல்களையும் குழப்பிக்கொள்வது இன்னும் பரவியது.